கோத்தகிரித் துறைமுகம்

"குடம் எத்தனைங்க?"

"ரெண்டு. ஒண்ணு பித்தளை, ஒண்ணு ஈயம்."

"ஈயக் குடத்துல ஓட்டை இருக்குதுங்களே."

"அது வாங்கும்போதே இருந்த ஓட்டைங்க ஐயா. புதுசா ஒண்ணும் நான் கொண்டு போகல."

"சரி, ஓட்டை ஒண்ணுன்னு எழுதிக்கறேன். சேலை?"

"நாலு. கட்டியிருக்கிறதோட அஞ்சு."

"கட்டியிருக்கறத எண்ணக் கூடாதுங்க. அது சட்டம். அப்புறம், இது என்னங்க தாள்ல சுத்தி?"

"தேயிலை விதை."

"விதை எதுக்குங்க?"

"அங்க போய் நட்டுக்கிட வேணாமா? இந்தியாவுல தேயிலை இருக்கோ என்னமோ."

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் தலைக்குப் பின்னால் ரோட்டுக்கு மேலும் கீழும், மேகம் வந்து மலையைத் தொடுகிற இடம் வரைக்கும் தேயிலைதான். நடுவில் ஒரு கை மண்கூடத் தெரியவில்லை.

"அதைப் பத்தி எங்களுக்குத் தகவல் வரலீங்க," என்றான். "விசாரிச்சுச் சொல்றேன். இன்னிக்கு நேரமாயிருச்சு, நாளைக்கு வாங்க."

"சரிங்க ஐயா."

அவள் பெட்டியை மூடிக் கயிறு போட்டுக் கட்டினாள். தலைக்குத் தூக்க ஒரு கை வேண்டியிருந்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற ஆள் கை கொடுத்தார். "நல்லா இருங்க," என்று அவருக்கு ஒரு வாழ்த்தைச் சொல்லிவிட்டு அவள் லயத்து வீட்டை நோக்கி மேட்டில் ஏறினாள்.

அந்த வரிசையில் இருந்ததே அவர் ஒருவர்தான். பெயர் பழனியாண்டி. வாழ்த்திவிட்டுப் போகிற தெய்வம்மா அவருக்கு மனைவியாகி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது.

"அடுத்தது வாங்க," என்றான் மேசைக்காரன்.

"என்னையா, தம்பி?"

"அட, மன்னிச்சுக்குங்கண்ணா. வாய் பழகிப் போச்சு." அவன் தலையிலிருந்த காக்கித் தொப்பியைக் கழற்றி சர்க்கரை டப்பாமேல் வைத்தான். "உக்காருங்க, டீ போடறேன்."

அவன் அழகர்சாமி. தொழில் டீக்கடை. அவனுடைய பாட்டன் காலத்தில் கீழ்நாட்டிலிருந்து மலை ஏறிய குடும்பம். கோத்தகிரியைத் தாண்டி அவன் போன அதிகபட்ச தூரம் மேட்டுப்பாளையம். கடலை அவன் பார்த்ததில்லை. பெரிய ஏரியைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எண்பத்தியொன்றாம் வருடத்து மழைக்காலத்திலிருந்து, தினமும் காலை ஏழரை முதல் எட்டரை வரை, அவன்தான் தலைமன்னார் துறைமுகத்துக் கஸ்டம்ஸ் அதிகாரி.

இது எப்படி ஆயிற்று என்றால், எல்லாம் உப்பில் ஆரம்பித்தது.

இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காகக் காட்டை வெட்டித் தேயிலை நட்டு, லயம் கட்டிக் குடிவைத்த தோட்டம் அது. பழனியாண்டியும் தெய்வம்மாவும் எழுபத்திநாலில் வந்தார்கள். அவருக்கு ஃபாக்டரியில் வேலை, அவளுக்குக் கொழுந்து பறிப்பு. ஒரே மகளைக் கூடலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒரு நாள் தெய்வம்மா சோற்றில் மூன்று முறை உப்புப் போட்டாள். அடுத்த வாரம் உப்பு என்றால் என்னவென்று கேட்டாள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர் போனது, மகளின் கல்யாணம் போனது, கோத்தகிரி போனது. நூல்கண்டைக் கடைசி நுனியிலிருந்து யாரோ மெதுவாகத் திருப்பிச் சுற்றிக்கொண்டே போவதுபோல அவள் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். போய்ப் போய் எழுபத்திநாலாம் வருடத்தில், கப்பல் ஏறுகிற நாள் காலையில், சடக்கென்று நின்றுவிட்டாள். அதற்கு மேல் நூல் நகரவில்லை. இன்றைக்குக் கப்பல். நேற்றும் இன்றைக்குத்தான் கப்பல்.

பழனியாண்டியை அவள் முதலில் லயத்துக் காவல்காரர் என்று நினைத்தாள். பிறகு கணக்கு எழுதுகிற தோட்டத்துக் கிளாக்கர் என்று நினைத்தாள், அப்போது கொஞ்சம் மரியாதை இருந்தது. இப்போது வரிசையில் பின்னால் நிற்கிற ஆள். ஒரு விதத்தில் அது பதவி இறக்கம்தான். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பின்னால் நிற்கிற ஆளுக்குப் பெட்டி தூக்கிக் கொடுக்கவாவது உரிமை இருக்கிறது.

பெரிய டாக்டரிடமும் காட்டினார். அவர் தெய்வம்மாவோடு அரைமணி நேரம் பேசிவிட்டுப் பழனியாண்டியைத் தனியாகக் கூப்பிட்டார். "இதுக்கு மருந்து கிடையாது. அவங்க எங்கே இருக்காங்களோ, நீங்க அங்கே போயிருங்க. இங்கே இழுத்துட்டு வரப் பார்க்காதீங்க," என்றார்.

"அதுக்குக் கடல் தாண்டணுமே, டாக்டர்," என்றார் பழனியாண்டி. அவர் எதையும் அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதர்.

கடல் தாண்டுவதைவிட ரோட்டைத் தாண்டுவது பெரிய ஆபத்தாக இருந்தது. தினமும் விடிந்ததும் தெய்வம்மா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டு நடுவில் கப்பலுக்கு நிற்பாள். ஒரு நாள் கொழுந்து லாரி வளைவில் திரும்பி, அவளைப் பார்த்து பிரேக் அடித்து, மண்மேட்டில் போய்ச் சாய்ந்தது. டிரைவர் லாரியிலிருந்து குதித்து இறங்கி அவளிடம் ஓடி வந்தார். தெய்வம்மா அவரிடம், "ஏணி எங்கங்க?" என்று கேட்டாள்.

தோட்டத்து மேனேஜர் பழனியாண்டியைக் கூப்பிட்டுவிட்டார். லயத்து ஆட்கள் அவரையும் தொரை என்றுதான் சொல்வார்கள். "இன்னொரு தடவை ரோட்டுல பார்த்தா நான் எழுதி அனுப்பிருவேன், பழனியாண்டி. கீழே ஆஸ்பத்திரியில பூட்டி வச்சுப் பார்த்துக்குவாங்க. உங்களுக்கும் நிம்மதி," என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

பூட்டுவதென்றால் வீட்டிலேயே பூட்டிப் பார்ப்போமே என்று பழனியாண்டி ஒரு நாள் வெளியே தாழ்போட்டுவிட்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது கதவின் உள்பக்கம் முழுக்கக் கீறல். அவளுடைய நகங்களில் ரத்தம். "யாரோ என்னைய விட்டுட்டுப் போயிட்டாங்க ஐயா," என்று அவரிடமே முறையிட்டாள். அன்றைக்கே அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிப் பள்ளத்தில் எறிந்தார்.

மறுநாள் காலை அவள் பெட்டியோடு இறங்கி வந்தபோது, லயத்துப் பாதை ரோட்டைத் தொடுகிற இடத்தில் அழகர்சாமி கடை திறந்துகொண்டிருந்தான். பேச்சுக்குத்தான் கேட்டான்: "ஏனுங்கக்கா, பெட்டியில என்னங்க?"

தெய்வம்மா நின்றாள். பெட்டியை இறக்கினாள். கயிற்றை அவிழ்த்துத் திறந்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். அழகர்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் ஓடி வந்த பழனியாண்டிக்குப் புரிந்தது. தலைமன்னாரில் அவள் இப்படித்தான் நின்றாள். அவர் அவன் காதில் சொன்னார். அவன் ஒரு குடத்தைத் தூக்கிப் பார்த்தான், ஒரு சேலையை விரித்துப் பார்த்தான், அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல், "இன்னிக்கு முடியாதுங்க. நாளைக்கு வாங்க," என்றான்.

அவள் பெட்டியை மூடிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

கைப்பிடிக்கு அடங்காதவள், தாழ்ப்பாளுக்கு அடங்காதவள், அந்த இரண்டு சொல்லுக்கு அடங்கினாள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த லயத்தில் இருக்கிற எல்லோருமே ஏதாவது ஒரு ஜன்னலுக்கு முன்னால் பத்து வருடம் நின்றவர்கள். பிரஜாவுரிமைக்கு ஒரு ஜன்னல், பாஸ்போர்ட்டுக்கு ஒரு ஜன்னல், சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதிக்கு ஒரு ஜன்னல். நாளைக்கு வா என்று சொல்லிவிட்டால் திரும்பிப் போக அவர்களுடைய கால்களுக்கே தெரியும். தலைக்குத் தெரிய வேண்டியதில்லை.

இப்படித்தான் அந்த அலுவலகம் உண்டாயிற்று.

முதல் வாரம் பெஞ்சு. இரண்டாம் வாரம் மேசை. மூன்றாம் வாரம் அழகர்சாமி எங்கிருந்தோ ஒரு காக்கித் தொப்பி வாங்கி வந்தான். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, உள்ளே ஒரு யானையைச் செதுக்கி, நீலம் தொட்டு முத்திரை குத்தினான். கிழங்கு அழுகிவிடுவதால் வாரம் ஒரு முத்திரை. சில வாரம் யானை பன்றிபோல வந்தது. அந்த வாரத்துக் காகிதங்களையெல்லாம் அவன் பிறகு செல்லாது என்று அறிவித்தான்.

"கடலைப் பாக்காத கஸ்டம்ஸு," என்பாள் அவன் மனைவி ராமாத்தாள், வடை மாவு பிசைந்துகொண்டே. "ஏன் மாமா, ஊட்டுல ஒரு தேங்கா இருக்குது, அதுக்கு முத்திரை போட்டாத்தான் உடைக்கலாமா?"

"அரசாங்க வேலைய கிண்டல் பண்ணாத புள்ளை."

"எந்த அரசாங்கம்?"

அழகர்சாமி யோசித்தான். அது அவனுக்கு இதுவரை தோன்றாத கேள்வி.

ஆனால் மற்றவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. லயத்திலிருந்து இரண்டு கிழவர்கள் தங்களுடைய பெட்டிகளையும் கொண்டு வந்து வைத்தார்கள். அவர்களுக்கு மறதி ஒன்றும் கிடையாது. "எதுக்கும் ஒரு முத்திரை இருக்கட்டும் தம்பி, எப்ப கேப்பான்னு தெரியாது," என்றார்கள். சின்னம்மை என்கிற கொழுந்துக்காரி, இலங்கையிலேயே தங்கிவிட்ட தங்கச்சிக்காக ஒரு மனு எழுதிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவன் அதையும் வாங்கி முத்திரை குத்திச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தான். சந்தை நாளன்று அலுவலகத்துக்கு விடுமுறை என்று ஒரு பலகைகூடத் தொங்கியது.

பழனியாண்டிக்கு அந்த நாட்கள் நன்றாக இருந்தன. எட்டரை மணிக்கெல்லாம் அவள் வீடு திரும்பிவிடுவாள், கவலையில்லாமல் பெட்டியை மறுபடி அடுக்குவாள். அவருக்குப் பகல் வேலைக்குப் போக முடிந்தது. எதிர்வீட்டுப் பெண்கள் ஒரு கண் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் அவர் தலை வாரி விடுவார். "நீங்க எந்தத் தோட்டம்?" என்று அவள் கேட்பாள். "உங்க தோட்டம்தான்," என்பார். "அப்ப எங்க ஊட்டுக்காரரைத் தெரியுமே," என்பாள். "தெரியும். நல்ல மனுசன்," என்பார். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள முதலில் கூச்சமாக இருந்தது. பழகப் பழக அதில் ஒரு சுகம் வந்துவிட்டது.

சிக்கல் சோற்றில் வந்தது.

ஐப்பசி முடிகிற சமயம் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். கோபமில்லை, நோயில்லை. காரணம் தெளிவாகச் சொன்னாள்: "கப்பல்ல வயித்தைப் பொரட்டும்னு எல்லாரும் சொல்லுறாங்க. வெறும் வயித்தோட ஏறணும். அங்க எறங்கின பிறகு சாப்பிட்டுக்கிடுறேன்."

கப்பல்தான் வருவதே இல்லையே. நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் போயிற்று. தேத்தண்ணி ரெண்டு வாய் குடிப்பாள், அதையும் சந்தேகத்தோடு. பெட்டியைத் தூக்க இப்போது ஒரு கை போதவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "சனிக்கிழமைக்குள்ள சோறு இறங்கலேன்னா நான் கீழ அனுப்பித்தான் ஆகணும். அங்க மூக்குல குழாய் போட்டு ஊத்துவாங்க. கையைக் காலைக் கட்டித்தான் போட முடியும்," என்றார்.

பழனியாண்டி நேராக டீக்கடைக்கு வந்தார்.

"தம்பி, நாளைக்கு அவளைப் பாஸ் பண்ணி விட்டுரு."

அழகர்சாமி தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "அது எப்படீங்கண்ணா முடியும்?"

"முத்திரையைக் குத்து, போகச் சொல்லு. அவ்வளவுதானே?"

"போகச் சொன்னா நேரா ரோட்டுக்கில்லீங்க போவாங்க? அங்க லாரிதான நிக்குது. கப்பலு எங்கீங்க நிக்குது?" அவன் குரலைத் தாழ்த்தினான். "கப்பலு இல்லாம ஆளை ஏத்தி உட்டா, நாளைக்கு எம்பேருக்குத்தானுங்க கெட்ட பேரு."

"அட என் மாமா," என்றாள் ராமாத்தாள். மாவுக் கையோடு தலையில் அடித்துக்கொள்ளப் போய் நிறுத்திக்கொண்டாள். "ஆனா அண்ணா, இந்த ஒரு விசயத்துல அது சொல்றது சரிதான். கப்பலு வேணும்."

கடையில் வடை தின்றுகொண்டிருந்த சில்வஸ்டர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஃபாக்டரியில் ஃபிட்டர். காற்றாடிகள், மோட்டார்கள் எல்லாம் அவன் பொறுப்பு.

"கப்பல்தான வேணும்?" என்றான். "கொழுந்து வாட்டுற மாடி இருக்குல்ல. முழுக்க மரத் தரை. கீழ கொழுந்து உருட்டுற ரோலர் ஓடும்போது அந்தத் தரை நடுங்குற நடுக்கம் எனக்குத்தான் தெரியும். பெரிய காத்தாடி நாலையும் போட்டுவிட்டா காத்து. ஜன்னலைத் திறந்தா மூடுபனி. ஏறுறதுக்கு இரும்பு ஏணி. எட்டு மணிக்குச் சங்கு ஊதும். இதுக்கு மேல கப்பல்ல என்ன இருக்கு?"

"தண்ணி," என்றாள் ராமாத்தாள்.

"பனி மூடியிருக்கு. அடியில தண்ணி இல்லேன்னு எவன் கண்டான்?"

ராமாத்தாள் அவனுக்கு இன்னொரு வடை வைத்தாள்.

தொரை வியாழக்கிழமை மீட்டிங்குக்குக் குன்னூர் போகிறார் என்று தெரிந்தது. ஃபாக்டரியை நடத்துகிற டீ மேக்கரிடம் யார் கேட்பது என்று கொஞ்ச நேரம் இழுபறி. அவர் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. கடைசியில் பழனியாண்டியே சில்வஸ்டரோடு போய், தோள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். டீ மேக்கர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எவ்வளவு நேரம்?"

"மூணரை மணி நேரம், சார்."

"பத்து நிமிசம் போதாதா?" என்றான் சில்வஸ்டர்.

"தலைமன்னார்லயிருந்து ராமேஸ்வரம் மூணரை மணி நேரம். குறைச்சா அவளுக்குச் சந்தேகம் வந்துரும்," என்றார் பழனியாண்டி.

வியாழக்கிழமை காலை அழகர்சாமி பெட்டியைக் கடைசி முறையாகச் சோதித்தான். குடம் இரண்டு, ஓட்டை ஒன்று, சேலை நாலு. தேயிலை விதைக்கு விசேஷ அனுமதி கொடுத்தான். யானை அன்றைக்கு யானையாகவே வந்தது. முத்திரை குத்தும்போது அவன் கண் கலங்கியதை ராமாத்தாள் பார்த்துவிட்டாள். இத்தனை நாளில் அவன் பாஸ் பண்ணிவிடும் முதல் ஆள்.

சங்கு ஊதியது. தெய்வம்மா இரும்பு ஏணியின் ஒவ்வொரு படியையும் தொட்டுக் கும்பிட்டு ஏறினாள். பின்னால் பழனியாண்டி பெட்டியோடு ஏறினார்.

மாடியில் நீளநீளமாகக் கம்பிவலைத் தொட்டிகள், அவற்றில் ஒரு முழ உயரத்துக்குப் பச்சைக் கொழுந்து. காற்றாடிகள் உறுமிக்கொண்டு காற்றைத் தள்ளின. கொழுந்து பரப்புகிற நாலு பெண்களும் சின்னம்மையும் முன்னமே சொல்லி வைத்தபடி, மூட்டைகளின்மேல் பிரயாணிகளைப்போல உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. மரமில்லை, மலையில்லை, லயமில்லை. வெள்ளை மட்டும்தான் மேலும் கீழும் அசைந்தது.

தெய்வம்மா ஜன்னலோரம் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். "கிளம்பிருச்சு," என்றாள்.

அவள் சொன்னதும் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. கீழே ரோலர்கள் சுழன்றன, பலகை நடுங்கியது. அரைமணி நேரத்தில் பயணிகள் மூட்டைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சின்னம்மை ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வெள்ளையைப் பார்த்து அழுதாள். அது நாடகத்தில் இல்லை. ஒன்பதரை மணிக்கு டீ மேக்கர் வழக்கம்போல வாட்டம் பார்க்க மேலே வந்தார். ஒரு கைக் கொழுந்தை எடுத்து அமுக்கி மோந்து பார்த்தார். தெய்வம்மா எழுந்து நின்று கும்பிட்டு, "கேப்டன் ஐயா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். அவர் கையிலிருந்த கொழுந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாதி வந்தாச்சும்மா. கடல் இன்னிக்கு நல்லாயிருக்கு," என்று சொல்லி ஏணியில் இறங்கிப் போனார்.

பத்து மணிக்குப் பழனியாண்டிக்கு வயிற்றைப் புரட்டியது.

இலங்கையிலும் இங்கேயுமாக இருபது வருடம் ஃபாக்டரித் தரையில் நின்ற மனிதர். இந்தத் தரை எங்கும் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். இதன் அடியில் எத்தனை தூண் இருக்கிறதென்றுகூடத் தெரியும். ஆனால் காற்று, நடுக்கம், வாடுகிற கொழுந்தின் வாசனை, அசைகிற வெள்ளை எல்லாம் சேர்ந்து அவரைத் தூக்கித் தூக்கி இறக்கின. எழுந்தார், இரண்டடி நடந்தார், காலிக் கூடையொன்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

ஒரு கை வந்து அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தது.

"மொத தடவையா?" என்றாள் தெய்வம்மா. "பயப்படாதீங்க. நல்லா எடுத்துருங்க, வெளிய போயிட்டா சரியாயிரும்."

பத்து நாள் சோறில்லாத கை. அதில் எங்கிருந்து அந்தப் பிடி வந்ததோ. அவள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். மடியிலிருந்து ஒரு துண்டு இஞ்சி எடுத்து அவர் நாக்கில் வைத்தாள். பெட்டியில் பாதி இடம் விட்டு அவரை உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். உண்மையான கப்பலில் அவர் பெட்டிகளுக்குக் காவலாகக் கீழ்த்தட்டில் நின்றுவிட்டார். மேலே அவள் தனியாக வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்ததை ராமேஸ்வரத்தில் இறங்கியபிறகுதான் கேள்விப்பட்டார். அன்றைக்கு யார் அவள் நெற்றியைப் பிடித்தார்கள் என்று அவர் கேட்டதே இல்லை. இப்போது கேட்கலாமா என்று தோன்றியது. அவளுக்கு அந்தப் பயணம் இன்னும் முடியவில்லையே, எப்படிக் கேட்பது?

பதினொன்றரைக்குச் சில்வஸ்டர் காற்றாடிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினான். உறுமல் அடங்கியது. தெய்வம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பனி விலகிக்கொண்டிருந்தது. மேடு மேடாகப் பச்சை தெரிந்தது.

"ஐயோ," என்றாள். "இங்கயும் தேயிலைதான்."

பின்பக்கப் படி வழியாக இறங்கினார்கள். கீழே அதே மேசை. குறுக்குப் பாதையில் ஓடி வந்ததில் அழகர்சாமிக்கு இன்னும் மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு கோட்டு போட்டிருந்தான். பக்கத்தில் ராமாத்தாள் சோற்றுக் குண்டானும் பருப்புக் குழம்புமாக நின்றாள். எண்ணெய் ஊற்றி வதக்கிய கருவாட்டு வாசனை படிவரைக்கும் வந்தது. தெய்வம்மா மூக்கை உறிஞ்சினாள். அதைப் பார்த்துப் பழனியாண்டி பெட்டியை அவசரமாக இறக்கி வைத்தார்.

அவள் மேசைக்காரனை உற்றுப் பார்த்தாள். "ஐயா, இங்கயும் நீங்கதானா?"

அழகர்சாமி கோட்டை இழுத்து விட்டுக்கொண்டான். "டிரான்ஸ்பருங்கம்மா."

"எப்ப?"

"காலைலதானுங்க."

"பாவம். பிள்ளை குட்டியெல்லாம் அங்கயா?"

"பின்னால வருவாங்க."

"எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணுறாங்க," என்று தெய்வம்மா பெருமூச்சு விட்டாள்.

ராமாத்தாள் தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிப் பழனியாண்டியின் கையில் கொடுத்தாள். அவர் தட்டை நீட்டினார். தெய்வம்மா சோற்றைப் பார்த்தாள், எச்சில் விழுங்கினாள், ஆனால் கை நீட்டவில்லை. "முதல்ல கார்டு எழுதட்டும். எறங்குறவங்களை வைக்கிற முகாம்ல கார்டுக்குத்தான் சோறுன்னு சொன்னாங்க," என்றாள்.

"எழுதிருவமுங்க," என்று அழகர்சாமி ஒரு அட்டையை எடுத்தான். "பேரு?"

"தெய்வம்மா."

"ஊட்டுக்காரரு பேரு?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நான் எப்படி ஐயா என் வாயால சொல்லுறது?"

"அரசாங்கத்துக்குச் சொல்லலாமுங்க, தப்பில்ல."

அவள் தலையைக் குனிந்து வெட்கத்தோடு சொன்னாள்: "மலை மேல கோவணத்தோட நிக்குமே ஒரு சாமி. அது பேரு."

சில்வஸ்டர் சிரித்துவிட்டான். பழனியாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதமாக அந்தப் பெயர் அவளிடமிருந்து எந்த வழியிலும் வந்ததில்லை. போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார்.

அழகர்சாமி எழுதிக்கொண்டான். "அவரு எங்கீங்க?"

"வருவாரு. வரிசையில கொஞ்சம் பின்னால நின்னுட்டாரு. அடுத்த கப்பல்."

அந்த இடத்தில் முத்திரையைக் குத்தியிருந்தால் முடிந்திருக்கும். முத்திரை கையில்தான் இருந்தது. ஆனால் மூன்று மாதம் அதிகாரியாக இருந்துவிட்ட மனிதனின் வாய் அது. அவன் தடுப்பதற்குள் அது பேசிவிட்டது.

"ஒத்தை ஆளுக்குக் கார்டு கிடையாதுங்களேம்மா. குடும்பமா வந்தாத்தான்."

ராமாத்தாள் கரண்டியைக் கீழே போட்டாள். அழகர்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டு பழனியாண்டியைப் பார்த்தான். "இல்லீங்க, அது வந்து, ஒரு விதிவிலக்கு..." என்று இழுத்தான். தெய்வம்மா அதைக் கேட்கவில்லை. அரசாங்கம் ஒருமுறை சொல்லிவிட்டால் சொன்னதுதான். அவள் சோற்றுத் தட்டைப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். மேலும் கீழும், வெகுநேரம் பார்த்தாள்.

அப்புறம் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து, அதிகாரியின் காதில் விழாத தூரத்துக்கு, மூன்றடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீங்க கோவிச்சுக்கிடக் கூடாது," என்றாள் மெல்லிய குரலில். "இங்க எனக்கு வேற யாரையும் தெரியாது. வரும்போது கூடவே உக்காந்து வந்தீங்க. எங்க ஊட்டுக்காரரும் சண்டைக்காரர் இல்ல, எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்கிடுவாரு. அவரு வந்ததும் பேரை அழிச்சுரலாம். அடுத்த கப்பல் வர்ற வரைக்கும்தான், அந்தக் கார்டுல மட்டும், எனக்குப் புருசனா இருக்கிறீங்களா?"